வாங்காமல் திருப்பிய நோட்டீஸ்

மரக்காணத்தில் பஸ் ஏறிக் கோட்டக்குப்பம் வரைக்கும் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து போய்ப் பாருங்கள், பிள்ளைகளே. வழியில் எந்தத் தெரு கண்ணில் பட்டாலும் அதில் ஒரு வீட்டுக்காவது நான் குடி வைத்திருப்பேன். நாலாங்கிளாஸ் தாண்டாதவன் நான். உப்பு மூட்டை தூக்கி லாரியில் ஏற்றிய முதுகு இது. அந்த முதுகை நிமிர்த்தி வீட்டு புரோக்கர் ஆனேன். போர்டு கிடையாது, கார்டு கிடையாது. கஜேந்திரன் கூட்டிக்கொண்டு வந்த ஆள் என்றால் கதவுக்குப் பூட்டே வேண்டாம் என்று வீட்டுக்காரர்கள் பேசிக்கொண்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைதான். உழைத்தவன் சொல்லிக்கொண்டால் என்ன குறைந்துவிடும்.

வீடு காட்டுவதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் சைக்கிளில் நாலு தெரு சுற்றிக் காட்டியதை நீங்கள் உட்கார்ந்த இடத்திலேயே போனில் காட்டிவிடுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் போன மாதம் நம் புரோக்கர்கள் கூட்டத்தில், தொழிலுக்குப் புதிதாக வந்த ஒரு தங்கச்சி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வந்தால், நாம் குடி வைத்த ஆளுக்கு நாம் என்ன சொல்ல வேண்டும்? நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு தம்பி முந்திக்கொண்டான். "வாங்கவே கூடாது. தபால்காரர்கிட்டயே திருப்பிடணும். கஜேந்திரன் ஐயா வழி அதான்" என்று சொல்லி என்னைப் பார்த்துக் கும்பிடும் போட்டான். எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அங்கேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். அத்தனை பேருக்கு நடுவில் நாக்கு எழும்பவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தத் தம்பியும் படிக்கட்டும்.

என் வழி என்று ஊர் பேசும் அந்த வழி எப்படிப் பிறந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரம்மதேசத்தில் நான் வைத்த குடித்தனக்காரர் ஒருவருக்குப் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. வாங்காதே என்றேன். அவரும் வாங்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டுக்காரர் மூச்சே விடவில்லை. கஜேந்திரன் யோசனை பலித்துவிட்டது என்று ஊர் பேசிற்று. உண்மையில் அந்த வீட்டுக்காரர் தன் மகனுக்காக வீட்டைக் கேட்டிருந்தார். மகனோ வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தெரிந்தும் யாரிடமும் சொல்லவில்லை. பேர் வந்தது, வைத்துக்கொண்டேன். அதிலிருந்து யார் நோட்டீஸ் என்று வந்து நின்றாலும் ஒரே மருந்துதான் கொடுத்தேன். திருப்பி அனுப்பு.

இப்போது தேவகி கதைக்கு வருகிறேன்.

தேவகிக்கு மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை. புருஷன் இல்லை. ஒரே மகள், காலேஜில் படிக்கிறாள். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர்களுக்கு வீடு பிடித்துக் கொடுத்தவன் நான்தான். பின்வாசலைத் திறந்தால் உப்புப் பாத்தி. அந்த வீட்டின் மதிப்பே அதுதான். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் கால் வைக்க முடியாது என்பதால் விடிவதற்கு முன்னாலேயே உப்பு வார இறங்க வேண்டும். அந்த நேரத்துக்கு எந்த ஊரிலிருந்தும் பஸ் கிடையாது. நடக்கிற தூரத்தில் வீடு இருந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை. தேவகிக்கு வீடு போனால் வேலை போகும். வேலை போனால் மகள் படிப்பு நிற்கும்.

வீட்டுக்காரர் ரகீம் கோட்டக்குப்பத்துக்காரர், ஷார்ஜாவில் வேலை பார்க்கிறவர். இங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வது அவர் சம்சாரம் ஜமீலா. நல்ல மனிதர்கள். இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு முகச்சுளிப்பு கிடையாது.

ஒரு நாள் மத்தியானம் தேவகி போன் செய்தாள். தபால்காரர் வாசலில் நிற்கிறார், புதுச்சேரி வக்கீலிடமிருந்து பதிவுத் தபால், என்ன செய்வது என்றாள். வாங்காதே என்றேன். போனைத் தபால்காரரிடம் கொடுத்தாள்.

"அண்ணே, வாங்கலன்னா நான் கவர் மேல 'வாங்க மறுத்தார்'னு எழுதணும். அப்டி எழுதிட்டா கையில குடுத்த மாதிரிதான் கணக்கு. பாத்துக்கங்க."

"ஏம்பா, தபால் குடுக்குறது உன் வேலை. நோட்டீஸ் என் வேலை. நீ எழுதிக்கினு போ."

தேவகி பக்கத்தில் நின்று சிரித்தது போனில் கேட்டது. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

மூன்று வாரம் கழித்து என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இந்தத் தடவை சிரிப்பு இல்லை. ஒரு மேஸ்திரி வந்து மாடியில் ஏறி அளக்கிறானாம். தளத்தை உடைத்துப் புதிதாகப் போடப் போகிறார்களாம். அதற்குப் பிறகு வீடு குடித்தனத்துக்குக் கிடையாதாம், இறால் பண்ணைத் தீவனம் அடுக்கும் குடோனுக்குப் பேசியாகிவிட்டதாம்.

"நான் கீழ சோறாக்கிக்கினு இருக்கேன், அவன் மேல டேப்பு வெச்சு அளக்குறான். இன்னாண்ணா இது? நோட்டீஸ வாங்கலன்னா ஒண்ணும் ஆவாதுன்னியே."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கோட்டக்குப்பத்துக்கு பஸ் ஏறினேன். போகும்போதே ஜமீலாவிடம் பேச வேண்டியதை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன். பதினோரு வருடக் குடி, பெண்பிள்ளை படிப்பு, இப்படி. ஒன்றுக்கும் வேலை இருக்கவில்லை.

"வாங்க புரோக்கரே. வருவீங்கன்னு தெரியும். இவ்ளோ லேட்டா வருவீங்கன்னு தெரியல" என்றார் ஜமீலா.

தேநீர் வந்தது. பிறகு ஒரு கவர் வந்தது. தேவகி திருப்பிய அதே கவர். ஒட்டு பிரிக்காமல் இருந்தது. மேலே தபால்காரர் கையெழுத்தில் வாங்க மறுத்தார் என்று இருந்தது. தமிழில் இருந்ததால் அதை நன்றாகவே படித்தேன்.

அந்த நோட்டீஸை எழுத வைப்பதற்கு முன் ரகீம் ஒரு வாரம் யோசித்ததாகவும், பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பியது முகத்தில் கதவைச் சாத்தின மாதிரி இருந்ததாகவும் ஜமீலா சொன்னார். நேரில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டுவிட்டேன்.

"நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க, எதுவா இருந்தாலும் எழுத்துல இருக்கணும்னு."

சொல்லியிருந்தேன்தான். எல்லா வீட்டுக்காரர்களிடமும் சொல்வேன். நல்ல யோசனைகூட நம்மையே திரும்பி வந்து அடிக்கும்.

ஜமீலா கவரைக் கிழித்து இரண்டு தாளை என் கையில் கொடுத்தார். முழுக்க இங்கிலீஷ். கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். படிக்கிறவன் எவ்வளவு நேரம் பார்ப்பானோ அவ்வளவு நேரம் பார்த்தேன். பக்கத்தைத் திருப்பினேன். ம், சரி என்றேன்.

"சரின்னா?"

தேவகியிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் குடோன்காரர் கையெழுத்துப் போட வருகிறார், அதற்குள் இன்ஷா அல்லாஹ் ஏதாவது பதில் சொல்லுங்கள் என்றார் ஜமீலா.

அந்தத் தாளை தேவகியின் மகளிடம் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் படித்துச் சொல்லியிருப்பாள். கவர் வந்த அன்றைக்கே வாங்கியிருந்தாலும் அவளே படித்திருப்பாள். அது என் புத்தியில் ஏறவில்லை. ஏறியது என்றே வைத்துக்கொள்ளுங்கள், மனம் ஒப்பவில்லை. மறுநாள் திண்டிவனத்துக்குப் போனேன்.

அங்கே கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு டைப் அடிக்கும் அம்மா இருந்தார். பேர் வேண்டாம், அவருக்குப் பிடிக்காது. என் வாடகை ஒப்பந்தங்கள் எல்லாம் அவர் கையால் அடித்ததுதான். வக்கீல் விட்டுவிட்ட வரியை இவர் பிடித்துச் சொல்வார். ஜெராக்ஸை ஒரு தடவை படித்தார். மறுபடியும் படித்தார்.

"இது வெளிய போகச் சொன்ன காயிதம் இல்ல கஜேந்திரா. போயிட்டுத் திரும்பி வரச் சொன்ன காயிதம்."

அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னார். உப்புக் காற்றில் தளத்துக் கம்பி துருப்பிடித்துவிட்டது, காரை பெயர்ந்து விழுகிறது, குடியிருப்பது ஆபத்து. அதனால் நாலு மாதம் காலி செய்து தர வேண்டும். வேலை முடிந்ததும் இதே குடித்தனக்காரர் இதே வாடகைக்குத் திரும்பி வரலாம். வர விருப்பம் என்றால் பதினைந்து நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். பதில் வராவிட்டால் திரும்பி வர விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்ளப்படும்.

தேவகியின் பின்வாசலை மூடியது ரகீம் இல்லை. நான்.

இத்தனை வருடம் இந்த வேலை பார்த்துவிட்டு, பிரிக்காமல் திருப்பு என்று ஏன் சொன்னாய் என்று அந்த அம்மா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சமாளித்திருப்பேன். அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரிடம் அதைச் சொன்னேன். நோட்டீஸை வாங்கிவிட்டால் அதை எடுத்துக்கொண்டு என்னிடம்தான் வருவார்கள். வந்து படிக்கச் சொல்வார்கள். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பது தெரிந்துவிடும். கவர் திரும்பிப் போய்விட்டால் யாரும் எதையும் படிக்கச் சொல்ல மாட்டார்கள். ஊர் கொண்டாடிய என் யோசனைக்கு அடியில் இருந்தது அவ்வளவுதான்.

அந்த அம்மா டைப் மெஷினில் தாளைச் செருகினார்.

"கெடு தாண்டிப் போச்சு. கேஸுன்னு போனா ரெண்டு பக்கமும் இழுபடும், அதுக்குள்ள அந்தத் தளம் தலையில விழும். நடந்தத நடந்தபடி எழுதுறேன். நீயும் கையெழுத்து போடுவியா?"

நான் உடனே சரி சொல்லவில்லை. தமிழில் அடித்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது வேறொரு வழி தோன்றிற்று. தபால்காரர் வீட்டுப் பக்கம் வரவே இல்லை, போஸ்ட் ஆபீஸில் உட்கார்ந்தபடியே எழுதித் திருப்பிவிட்டார் என்று சொல்லிவிடலாம். எனக்கும் சேதமில்லை, தேவகிக்கும் வீடு கிடைக்கும். நேராக தேவகி வீட்டுக்குப் போனேன். நோட்டீஸில் இருந்ததைச் சொன்னேன். பிறகு இந்த யோசனையையும் சொன்னேன்.

தேவகி என்னை நன்றாக ஒரு பார்வை பார்த்தாள்.

"அந்த ஆளு வாசல்ல நின்னு சொன்னாருண்ணா, எழுதிட்டா வாங்குன மாதிரின்னு. நீதான் காது குடுக்கல. உன் பேச்சக் கேட்டு நான் ஒரு தபா திருப்பி அனுப்புனது போதும். அந்தாளு வேலைக்கு உலை வெக்காத."

பையிலிருந்து தாளை எடுத்தேன். அவள் முதலில் கையெழுத்துப் போட்டாள். பிறகு நான் போட்டேன். நோட்டீஸை வாங்க வேண்டாம் என்று சொன்னது புரோக்கராகிய நான், குடித்தனக்காரருக்கு அதில் என்ன இருந்தது என்று தெரியாது, அவர் திரும்பி வர விரும்புகிறார் என்று அதில் இருந்தது. என் பேரை எத்தனையோ ஒப்பந்தத்தில் சாட்சியாகப் போட்டிருக்கிறேன். அன்றைக்கு மாதிரி கை கனத்தது இல்லை.

வெள்ளிக்கிழமை. ஜமீலா வீட்டுக் கூடத்தில் குடோன்காரர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். ஷார்ஜாவிலிருந்து ரகீம் போனில் முகம் காட்டிக்கொண்டிருந்தார். நான் தேவகியையும் கூட்டிக்கொண்டு போனேன். தாளை ஜமீலாவிடம் கொடுத்தேன். அவர் சத்தமாகப் படித்தார்.

"அண்ணே, அந்த நோட்டீஸு உங்களுக்குப் புரியலயா, இல்ல படிக்கத் தெரியலயா?" என்று ரகீம் கேட்டார்.

"படிக்கத் தெரியாது தம்பி."

அந்தப் பக்கம் அவர் தலையைச் சொறிந்தார்.

"எனக்கும் தெரியாதுண்ணே. வக்கீல் எழுதி அனுப்புனாரு, நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன்."

"படிச்சவ நான் ஒருத்தி இருக்கேன். என்னை ரெண்டு பேரும் கேக்கல" என்றார் ஜமீலா. தேவகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

ரகீம் சொன்னார்: "தளத்ததான் மாத்தச் சொன்னேன். குடிய மாத்தச் சொல்லலயே. பதினஞ்சு நாளெல்லாம் நான் எண்ணல."

"நான் எண்ணுனேன். வேணாம்னு திருப்புனவங்களுக்கு வூட்ட எத்தினி நாள் வெச்சிருக்குறது?" என்றார் ஜமீலா. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. குடோன்காரருக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வாக்கு மாறுகிற குடும்பம் இல்லை அது. குடோன்காரரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்போ என் கதை என்ன என்று கேட்டார்.

அந்த மூன்று நாளில் நான் தலை நிமிர்ந்து பேசியது அப்போதுதான். உப்பளத்தை ஒட்டின வீட்டில் தீவன மூட்டையை அடுக்கினால் ஒரு வாரத்தில் நமுத்துப்போகும், இறால் அதை மோந்துகூடப் பார்க்காது என்றேன். பிரம்மதேசத்தில் நெல் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு கொட்டகை காலியாக இருப்பதையும், அங்கே கடல் காற்று எட்டாது, லாரி வாசலிலேயே நிற்கும் என்பதையும் சொன்னேன். மொதல்லயே சொல்றதுக்கென்ன என்றார் அவர். மொதல்ல என்னைக் கேக்கலயே என்றேன். மறுநாள் காலையிலேயே போய்ப் பார்த்தார். தீவனம் அங்கே போயிற்று. வாக்கிலிருந்து ஜமீலாவை அவரே விடுவித்தார். இதில் எனக்குக் கமிஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதையும் கொஞ்சம் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

புதுப் பேச்சை ஜமீலா தானே தமிழில் எழுதினார். மழைக்கு முன்னால் தளம் போட வேண்டும், அதனால் இந்த மாதக் கடைசிக்குள் தேவகி காலி செய்ய வேண்டும், நாலு மாதத்தில் திரும்பி வரலாம். தேவகி அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள். மூன்றாம் தடவை மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அப்புறம்தான் கையெழுத்து.

பிள்ளைகளே, நோட்டீஸ் என்பது தீர்ப்பு இல்லை. அது கதவைத் தட்டுகிற சத்தம். தட்டினால் திறந்து பாருங்கள். யார் அனுப்பியது, எதற்காகக் கேட்கிறார், எந்தத் தேதிக்குள், பதில் கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள். கெடு முடிவதற்குள் எழுத்தில் பதில் கொடுக்க வையுங்கள். புரியாத மொழியில் இருந்தால் புரிந்தவரிடம் கொண்டுபோங்கள், வெட்கப்படாதீர்கள். வாங்காமல் திருப்பினால் வாங்கின கணக்குத்தான், படிக்காத நஷ்டம் மட்டும் உங்கள் ஆளுக்கு. கெடு முடிந்துவிட்டது என்று யாராவது வந்து சாமானைத் தூக்கி வெளியே வைத்தால், அதற்கு அவருக்கு உரிமை இல்லை, கோர்ட்டுதான் சொல்ல வேண்டும் என்று தைரியமாகச் சொல்லுங்கள். வீட்டுக்காரர்கள் பக்கமும் சொல்லுங்கள். கரண்டைப் பிடுங்குவது, தண்ணீரை நிறுத்துவது நோட்டீஸ் ஆகாது. அப்படிச் செய்த ஒருத்தரிடம் ஃப்யூஸை நானே வாங்கி மறுபடியும் மாட்டியிருக்கிறேன். நியாயமான காரணம் இருந்தால் அதை எதிராளி படிக்கிற மொழியில் எழுதச் சொல்லுங்கள். அனுப்புவதற்கு முன்னால் நேரில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். எழுத்து வேண்டும்தான். வாய் எதற்கு இருக்கிறது?

இன்னொரு சிக்கல் மீதி இருந்தது. நாலு மாதம் தேவகி எங்கே இருப்பாள்? உப்பளத்துக்கு நடக்கிற தூரத்தில் அந்த நேரத்தில் ஒரு அறைகூடக் காலி இல்லை. ஊருக்கெல்லாம் வீடு பிடித்துக் கொடுத்தவன் அவளுக்கு ஒன்று பிடிக்க முடியாமல் இரண்டு நாள் அலைந்தேன். மூன்றாம் நாள் என் சம்சாரம், "ரோட்டுப் பக்கம் இருக்குற நம்ம முன் ரூம்ல பழைய சைக்கிளும் தேங்கா மட்டையும்தான கெடக்குது" என்றாள். எங்கள் வீட்டிலிருந்தும் உப்பளம் நடக்கிற தூரம்தான். வீட்டு புரோக்கருக்குத் தன் வீடு கண்ணில் படவில்லை. அன்றைக்கே காலி செய்து வெள்ளையடித்தோம்.

தேவகி சாமானோடு வந்து இறங்கினாள். மகள் புத்தகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். தேவகி மட்டும் வாசலில் நின்று இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். மகள் கையெழுத்தில் வாடகை ஒப்பந்தம்.

நமக்குள்ள எதுக்கு இதெல்லாம் என்று சொல்லிக்கொண்டே பேனாவை எடுத்தேன். அவள் தாளைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"மொதல்ல படிண்ணா."

வாசல் படியில் உட்கார்ந்து படித்தேன். முழுக்கத் தமிழ். எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், நேரம் ஆயிற்று. அவள் சுவரில் சாய்ந்துகொண்டு காத்திருந்தாள், அவசரப்படுத்தவில்லை. நாலு மாதம் தங்குவது, கிணற்றடியைப் பொதுவாக வைத்துக்கொள்வது என்று எல்லாம் வழக்கமானதுதான். கடைசியில் ஒரு வரி இருந்தது. காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுப்பதாக இருந்தால், வீட்டுக்காரராகிய கஜேந்திரன் அதைத் தமிழில் எழுதி, தானே வந்து, குடித்தனக்காரர் முன்னால் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். தேவகி முகத்தில் ஒரு அசைவு இல்லை. உள்ளே அவள் மகள் சிரிப்பை அடக்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தாள்.

அந்த வரியை இன்னொரு தடவை படித்தேன், இந்தத் தடவை சத்தமாக. பிறகு கையெழுத்துப் போட்டேன்.